கிருமிகள் தின்னும் எண்ணெயும், தின்னாத பாதரஸமும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையோரத்தில் சரக்கு லாரிகள் இளைப்பாறும் இடங்களை நேயர்கள் கவனித்திருக்கலாம். டீஸலும் இயந்திர எண்ணெயும் சொட்டிச் சொட்டி மண் கறுத்துக் கிடக்கும். உடையவர் அவதரித்த புண்ணிய பூமிக்கு இந்தக் கதியா என்று பெரியவர்கள் பெருமூச்சு விடவும் கூடும். ஆனால் அந்தக் கறையைப் போக்கும் வண்ணார்கள் அந்த மண்ணுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்காக வாசம் செய்யும் நுண்ணுயிர்களில் சில ஜாதிகள் எண்ணெயையே ஆகாரமாக உண்டு, அதைக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும் சாமர்த்தியம் படைத்தவை.

இவற்றுக்கு வேண்டுவன காற்று, ஈரம், சிறிது தழைச்சத்தும் மணிச்சத்தும், எல்லாவற்றுக்கும் மேலாக வெப்பம். வெப்பத்துக்கு நம் பக்கத்தில் குறைவேது! உஷ்ணம் பத்து டிகிரி குறைந்தால் கிருமிகளின் வேலை ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது பொது விதி. ஆகையால் இங்கே சில மாதங்களில் முடியும் காரியம் குளிர்ப் பிரதேசத்தில் வருஷக்கணக்கில் இழுத்தடிக்கிறது.

குளிருக்கு அன்டார்க்டிகாவை மிஞ்சிய இடமில்லை. அங்கே 1989-ல் நம் நாட்டார் அமைத்த மைத்ரி நிலையமும் டீஸலை எரித்தே விளக்கேற்றி வருகிறது. அது நிற்கும் ஷிர்மாகர் பாறைவெளியின் மண்ணிலிருந்து ஹைதராபாத் விஞ்ஞானி சிவாஜியும் அவருடைய சகாக்களும் ஒரு புதிய பாக்டீரியா இனத்தைப் பிரித்தெடுத்து 1992-ல் வெளியிட்டார்கள். பனிக்கண்டத்து மண்ணும் செத்த மண் அல்ல என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் அங்கே எண்ணெய் சிந்திவிட்டால், வெளியிலிருந்து கைதேர்ந்த கிருமிகளை இஷ்டம்போல் கொண்டுபோய் விட முடியாது; 1991-ல் ஏற்பட்ட மாட்ரிட் உடன்படிக்கை குறுக்கே நிற்கிறது. கேஸி என்ற தங்கள் நிலையத்தில் ஆஸ்திரேலியர் என்ன செய்தார்கள்? கெட்ட மண்ணைக் குவியலாக்கி, உரமிட்டு, காற்றும் ஊட்டினார்கள். வெளியூர்ச் சமையற்காரர் வரக்கூடாதென்றால் உள்ளூர்க்காரருக்கே உப்பும் புளியும் கொடுத்து வேலை வாங்க வேண்டியதுதானே!

எண்ணெயின் கதை இவ்வளவே. தொழிற்பேட்டைகளிலோ எண்ணெய் மட்டுமா புழங்குகிறது? முலாம் பூச நிக்கலும் குரோமியமும் வேண்டும். பாட்டரிக்கு ஈயம் வேண்டும். எண்ணெய் கூட்டுப்பொருள், ஆகவே அதைப் பிரித்துத் தின்னலாம். உலோகம் மூலப்பொருள். அதை எந்தக் கிருமியாலும் இல்லாமற் செய்ய முடியாது. வேஷம் மாற்ற மட்டுமே முடியும். "இயற்கை தானே சுத்தம் செய்துகொள்ளும்" என்று ஆறுதல் சொல்லுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம், கொடைக்கானல் போதும். சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள அந்தக் குளிர்ந்த ஊரில் 1983-ல் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஏற்பட்டது. இயந்திரங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன. பிற்பாடு அது ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி வசமாயிற்று. பாதரஸம் கலந்த உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடையில் கிடந்தது 2001-ல் வெளிப்படவே, ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. 591 பழைய தொழிலாளர்களுடன் கம்பெனி சமாதானத்துக்கு வந்ததோ 2016-ல்தான்.

கழிவைக் கப்பலேற்றலாம், மலைச்சரிவை ஏற்ற முடியுமா? ஆலைக்குப் பின்புறம் பாம்பார்ச் சோலை. குளிரினால் இலைச்சருகு மெதுவாக மக்கி, மண் கறுத்துத் தடித்திருக்கும். அந்த மக்கு பாதரஸத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும் ஸ்வபாவம் உடையது. அங்குள்ள கிருமிகள் என்ன செய்யும்? ஒருவகைக் கிருமி, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு, பாதரஸ உப்பை வெறும் பாதரஸமாக்கி ஆவியாகக் காற்றில் விட்டுவிடும். நம் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டில் எறிவது போன்ற சுத்தம்! காற்றோட்டமில்லாத சேற்றில் வாழும் மற்றொரு வகை அதை மீத்தைல் பாதரஸமாக்கிவிடும். இது முந்தியதைவிடக் கொடியது. மீனில் சேர்ந்து, மீனைத் தின்னும் மனிதர் மூளையைத் தாக்கும். கர்ப்பத்திலுள்ள சிசுவையும் விடாது. ஜப்பானில் மினமாட்டா நகரில் 1956-ல் தெரியவந்த கோரம் இதனால் விளைந்ததே. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரஸம் இருப்பதையும், அதில் ஒரு பங்கு மீத்தைல் உருவம் எடுத்திருப்பதையும் அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்டார்கள்.

ஆகவே அங்கே கிருமிகளை நம்பிக் காத்திருப்பதற்கில்லை. மண்ணைத் தோண்டிக் கழுவுவதும், சூடேற்றிப் பாதரஸத்தை ஆவியாக்கிப் பிடிப்பதுமே வழியென்று தீர்மானித்தார்கள். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரஸம் மிஞ்சலாம் என்று அதிகாரிகள் வைத்த அளவு மிகத் தாராளம் என்று ஊராரும் சுற்றுச்சூழல் ஆர்வலரும் வாதாடினார்கள். வாதம் நியாயமானதே என்று நமக்குத் தோன்றுகிறது. பாம்பாரின் நீர் மலையோடு நின்றுவிடுவதில்லை. கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளத்துப் பக்கம் இறங்கிப் போகிறது.