கதவுக்கு வெளியே நிற்கும் தந்தை

மகப்பேற்று மருத்துவமனை எதுவாயினும் அதன் நடைவழியில் இக்காட்சியைக் காணலாம். பேற்றறையின் கதவு மூடியிருக்கும். வெளியே இளைஞன் ஒருவன் துணிப்பையும் வெந்நீர்க் குடுவையுமாக நிற்பான். மருந்துச் சீட்டு வந்தால் ஓடுவான். குருதி வேண்டுமென்றால் ஆள் தேடுவான். அறுவைக்கு ஒப்பம் கேட்டால் படித்துப் பாராமலே கையெழுத்திடுவான். உள்ளே நடப்பது இன்னதென்று அவனுக்கு எவரும் உரைப்பதில்லை. தந்தையாகும் நாளில் அவன் பெறும் பெயர் 'கூட வந்த ஆள்' என்பதே!

முன்னாளிலும் ஆண் வெளியில்தான் நின்றான். ஆயின், உள்ளே இருந்தவள் தனித்திருக்கவில்லை. தாயும் தமக்கையும் ஊர் மருத்துவச்சியும் சூழ இருந்தனர். பேறு மருத்துவமனைக்கு மாறியதால் எண்ணற்ற தாயரும் குழவியரும் உயிர் பிழைத்தனர் என்பது மறுக்கவொண்ணா உண்மை. 2019-21-இல் எடுக்கப்பெற்ற நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டிற்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. அம்மாற்றத்தில் பல பெண்கள் இழந்தது, வலியில் பற்றிக்கொள்ள ஓர் உறவின் கை.

அவ்விழப்பு சிறிதன்று. இடைவிடாத் துணை பெற்ற பெண்களுக்கு வலிநேரமும் அறுவைப் பேறும் குறைவதைப் பன்னாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய் தான் விரும்பும் ஒருவரைத் துணையாகக் கொள்ளவேண்டும் என 2018-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்தது. அதற்கு முன்னரே, 2016-இல், நடுவணரசு அரசு மருத்துவமனைகளில் பெண் துணைக்கு ஒப்புதல் அளித்து, பெண்களின் மறைவு காக்கப்படும் இடங்களில் கணவனும் இருக்கலாம் என்றது. தாளில் திறந்த கதவு, பல மருத்துவமனைகளில் இன்னும் திறக்கவில்லை.

"ஒரே கூடத்தில் பல பெண்கள் கிடக்க, ஆடவனை எங்ஙனம் உள்ளே விடுவது?" என்பர். வினா நேரியதே. ஆனால் அதற்கு விடை திரைச்சீலையும் தடுப்பும், பூட்டு அன்று. மயங்கி விழுவான், இடையூறு செய்வான் என்பாரும் உளர். கருவுற்ற காலத்து ஆய்வு நாள்களிலேயே கணவனையும் அழைத்து, செய்யத் தக்கதும் தகாததும் கற்பித்தால் அக்குறையும் நீங்கும். எனினும் முடிவு தாயினுடையது. அவள் தன் தாயை விரும்பினால் கணவன் விலகி நிற்பதே முறை.

மூடிய கதவு வேறோர் இழிவுக்கும் இடந்தருகிறது. பிறந்த மகவைக் காட்டக் கையூட்டுக் கேட்பதும், ஆணென்றால் ஒரு தொகை பெண்ணென்றால் ஒரு தொகை என விலை பேசுவதும் ஊரறிந்த செய்தி. பெற்றவன் உள்ளே இருப்பானாயின், அவன் பிள்ளையை அவனுக்கே எவர் விற்க இயலும்?

தந்தையின் உடலும் பயனற்றதன்று. 1978-இல் கொலம்பிய நாட்டுப் பொகோட்டா நகரில், எடை குறைந்த குழவியை மார்போடு அணைத்து வெம்மை காக்கும் முறை தோன்றிற்று. தாய் நோயுற்றிருக்குங்கால் தந்தையின் மார்பும் அவ்வெம்மையைத் தரும். ஆனால் அதற்கு நாள் வேண்டுமே! நடுவணரசின் ஆண் பணியாளர்க்கு 15 நாள் விடுப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பெற்றபோது தாய்க்கு 26 கிழமை விடுப்பு வந்தது. தந்தைக்கு ஒரு நாளும் வரவில்லை. தறியிலும் ஆலையிலும் நாட்கூலிக்கு உழைப்பவன், பிள்ளை முகம் கண்ட மறுநாளே வேலைக்கு ஓடுகிறான்.

பெற்றுப் புறந்தருதலைத் தாய்க்கும் சான்றோனாக்குதலைத் தந்தைக்கும் கடனாகப் புறநானூற்றில் பொன்முடியார் வகுத்தார். பிள்ளை வளர்ந்த பின்னரே தந்தையின் கடன் தொடங்குமென்று அதற்குப் பொருள் கொள்வது பிழை. முதல் அழுகையிலேயே அது தொடங்குகிறது. ஆகலின், அரசு மருத்துவமனைதோறும் பேற்றுக் கட்டில்களுக்குத் தடுப்பு அமைக்கட்டும். துணை பற்றிய ஆணையை வாயிலில் தமிழில் எழுதி வைக்கட்டும். உழைக்கும் தந்தையர் அனைவர்க்கும் ஊதியத்தோடு விடுப்பு வழங்கட்டும். தந்தையரும் அதனை இரவலாக அன்று, உரிமையாகக் கேட்கட்டும்!