பாதி ஆட்டக்காரர் அல்ல ஹெண்ட்ரா

பாட்மிண்டன் இரட்டையர் வீரரைப் பாதி ஆட்டக்காரராகப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பாதி மைதானம், பாதி ஓட்டம், அதனால் பாதி மதிப்பு என்பது கணக்கு. இந்தோனேசியாவின் ஹெண்ட்ரா சேத்தியவானை வைத்து இதைச் சோதிக்கலாம். மார்கிஸ் கிடோவுடன் 2007இல் உலக சாம்பியன், 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம். பிறகு முகமது அசானுடன் 2013, 2015, 2019 என மூன்று உலகப் பட்டங்கள். கடைசிப் பட்டத்தை வென்ற நாளில்தான் அவருக்கு 35 வயது நிறைந்தது.

ஸ்மாஷ் அடித்தது கிடோவும் அசானும்தானே, ஹெண்ட்ரா என்ன செய்தார் என்று கேட்கலாம். எதிராளி பந்தைத் தூக்கிக் கொடுத்தால்தான் ஸ்மாஷ் அடிக்க முடியும். சர்வீஸை வலையை உரசுவதுபோலப் போட்டு, திரும்பி வரும் பந்தை மணிக்கட்டின் சிறு அசைவில் ஆளில்லாத இடத்தில் இறக்கி, எதிராளியைத் தூக்கவைத்தவர் ஹெண்ட்ரா. முகத்தில் சலனமே இருக்காது. கைதட்டல் பின்னால் நிற்பவருக்குப் போய்விடும்! மலேசியாவின் டான் பூன் ஹியோங்குடன் 2017இல் ஆடியபோது பெரிய வெற்றி இல்லையே என்பது நியாயமான கேள்விதான். ஆனால், அது காட்டுவது இரண்டு திறமைசாலிகளைச் சேர்த்தால் மட்டும் ஜோடி ஆகிவிடாது என்பதையே; இணைந்து ஆடுவது தனித் திறன். ஓட்டம் குறைந்த வயதிலும் அவரை ஆடவைத்தது அதுதான். 2025 ஜனவரியில் அசானும் அவரும் சேர்ந்தே விடைபெற்றார்கள். ஒற்றையர் ஜாம்பவான்களின் வரிசையில் ஹெண்ட்ராவுக்குச் சரிசமமான இடம் உண்டு.