அவள் என்ன கிரேனா?

மாணவச் செல்வங்களே, சொந்தபந்தங்களே, கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

படுத்த படுக்கையான பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைக்கிறோம். அறுபது கிலோ உடம்பை அவள் தனியாளாகத் தூக்க வேண்டுமாம். "அதுக்குத்தானே சம்பளம்?" என்று ஒரு கல்யாண வீட்டில் நம்மவர் ஒருவரே கேட்டார். "முழங்காலை மடக்கித் தூக்கினா முதுகு வலிக்காது" என்று அறிவுரை வேறு!

நெம்புகோல் பாடம் நடத்தினேனே, மறந்துவிட்டதா? பாரம் உடம்பைவிட்டு விலக விலக இடுப்பில் விழும் சுமை கூடிக்கொண்டே போகும். கட்டிலின் நடுவில் கிடப்பவரை உடம்போடு அணைத்துத் தூக்க யாரால் முடியும்? அமெரிக்காவின் நியோஷ் நிறுவன ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ், நோயாளியைக் கையால் தூக்க 2007இல் சொன்ன வரம்பு 35 பவுண்டு. ஏறத்தாழ 16 கிலோ. அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால்.

நோயாளிக்கும் இதனால் கேடுதான். பக்கவாதத்தில் விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும். மெத்தையில் தேய்த்து இழுத்தால் தோல் உரிந்து புண்ணாகும்.

தோளிலிருந்து தொடைவரை கெட்டியான பெட்ஷீட்டை இரண்டாக மடித்து அடியில் விரியுங்கள். பக்கத்துக்கு ஒருவர் நின்று ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லிச் சேர்ந்து நகர்த்துங்கள். இரண்டு மணிக்கொருமுறை லேசாகச் சாய்த்து முதுகுக்குத் தலையணை கொடுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. குதிகால் மெத்தையில் படக்கூடாது.

இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது என்கிறீர்களா? ஹாலில் போனோடு உட்கார்ந்திருக்கிறாரே, மகன். அவர்தான்.