பள்ளி மைதானத்துக்கும் பெய்ஜிங்குக்கும் நடுவே

2008 ஜூன் கடைசியில் கிங்ஸ்டன் தேசிய விளையாட்டரங்கில் ஜமைக்காவின் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி நடந்தது. பெண்கள் 100 மீட்டரில் நடப்பு உலக சாம்பியன் வெரோனிகா கேம்பெல் நான்காவதாக வந்தார். முதல் மூவருக்குத்தான் பெய்ஜிங்கில் இடம். அந்த மூவரில் ஒருவர் 21 வயது ஷெல்லி-ஆன் ஃப்ரேசர். வெளிநாட்டில் அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. அனுபவமில்லாத அவரை நிறுத்திவிட்டு உலக சாம்பியனை அனுப்புங்கள் என்று குரல் எழுந்தது. தடகளச் சங்கம் இணங்கவில்லை. ஏழு வாரம் கழித்து அவர் 10.78 வினாடியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 10.98இல் இரண்டு ஜமைக்கப் பெண்கள் ஒன்றாக வந்ததால் வெள்ளி இருவருக்கும் போனது, வெண்கலம் யாருக்கும் இல்லை. முந்தைய ஆண்டு வரை ஃப்ரேசரின் சிறந்த நேரம் 11.31. இந்த அரை வினாடியை மைதானத்தில் அளந்தால் ஏறக்குறைய ஐந்து மீட்டர் வரும். ஒரே வருடத்தில் அந்த ஐந்து மீட்டர் எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஜமைக்கா என்றதும் இங்கே பலரும் மரபணு என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்தத் தீவு மக்களின் மூதாதையர் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அதே வேர் உள்ள கோடிக்கணக்கானோர் மேற்கு ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் இருக்கிறார்கள். வெறும் 28 லட்சம் பேர் வாழும் தீவுக்கு மட்டும் இத்தனை பதக்கம் ஏன் என்பதற்கு ரத்தம் பதில் சொல்லாது. விஷயம் தெரிந்தவர்கள் அடுத்ததாகக் காட்டுவது பள்ளிகளை. 1910இல் தொடங்கிய மேல்நிலைப் பள்ளிகளின் தடகளப் போட்டியை அங்கே ‘சாம்ப்ஸ்’ என்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் ஐந்து நாள் நடக்கும். கடைசி நாளில் முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடி, தங்கள் பள்ளியின் வண்ணத்தில் கொடி அசைத்துக் கத்துவார்கள். கியூபாவின் உதவியோடு 1980இல் திறந்த ஜி.சி. ஃபாஸ்டர் கல்லூரி, பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்களைத் தீவெங்கும் அனுப்பி வருகிறது. இவை பெரிய பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளியோடு கதை முடிந்திருந்தால் ஃப்ரேசர் 11.31லேயே நின்றிருப்பார். பள்ளிக்கூடம் ஓட்டக்காரரைக் கண்டுபிடிக்கிறது. அவரை உருவாக்குவது, பள்ளி முடிந்த பிறகு வரும் மூன்று நான்கு ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளில் என்ன நடக்க வேண்டும் என்பதை முதலில் தெளிவாகப் பார்த்தவர் ஸ்டீபன் ஃபிரான்சிஸ். அதுவரை பள்ளியில் வென்றவர்கள் உதவித்தொகை பெற்று அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போவதே வழக்கம். 1999இல் அவர் நண்பர்களோடு எம்.வி.பி. மன்றத்தைத் தொடங்கி, வீரர்களை உள்ளூரிலேயே வைத்துப் பயிற்சி கொடுத்தார். கிங்ஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புல்தரைதான் களம். வெயில் ஏறுவதற்கு முன்பே பயிற்சி தொடங்கிவிடும். வாட்டர்ஹவுஸ் என்ற ஏழைக் குடியிருப்பில், தெருவில் பொருள் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த தாயின் மகளான ஃப்ரேசர் அங்கேதான் வந்து சேர்ந்தார். உயரம் ஐந்து அடி. நெட்டையானவர்களோடு கால்வீச்சில் போட்டி போட முடியாது; அவருடைய வெற்றி முதல் முப்பது மீட்டரில் இருக்க வேண்டும். தலையைத் தாழ்த்தி, உடலை முன்சாய்த்து, தரையைத் தொட்டதும் தொடாததுமாகக் கால் மாற்றும் அந்தத் தொடக்கம் ஒரு பருவத்தில் படிவதில்லை. இன்னும் வலுவான சான்று எலைன் தாம்ப்சன். 2009 சாம்ப்ஸில் தன் வயதுப் பிரிவிலேயே நான்காவதாக வந்தவர் அவர். அதே மன்றத்தில் வளர்ந்து ரியோவிலும் டோக்கியோவிலும் 100, 200 இரண்டிலும் தங்கம் வென்று, 2021இல் 10.54 ஓடினார். பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து அவரை ஒதுக்கியிருந்தால் இழப்பு எவ்வளவு பெரியது!

உசைன் போல்ட் பள்ளியிலேயே நட்சத்திரம் அல்லவா என்று கேட்கலாம். ஆம். 2002இல், 16 வயது நிறைவதற்கு முன்பே, உலக ஜூனியர் 200 மீட்டரை வென்றவர். ஆனால் 2004 ஏதென்ஸில் தசைக் காயத்தோடு முதல் சுற்றிலேயே வெளியேறினார். பயிற்சியாளர் கிளென் மில்ஸ் அவரை எடுத்துக்கொண்டு, வளைந்த முதுகெலும்புக்கு ஏற்ப உடலை வலுவாக்கி, நான்கு ஆண்டு பொறுத்த பிறகுதான் பெய்ஜிங் வந்தது. அந்தக் காத்திருப்பு இல்லாமல் போயிருந்தால், காயத்தில் கருகிய இன்னொரு பிஞ்சாகவே அவரை நினைத்திருப்போம். அமெரிக்காவுக்குப் போய் ஜெயித்த மெர்லின் ஆட்டி, டான் குவாரி போன்றோரைச் சுட்டும் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் அந்தக் கல்லூரிகளில் ஜனவரி முதல் ஜூன் வரை பந்தயம் ஓயாது. கல்லூரிக்குப் புள்ளி சேர்க்க, ஒரே நாளில் பல போட்டிகளில் ஓட வேண்டியிருக்கும். அதைத் தாங்கியவர்கள் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. தாங்காதவர்களை யார் எண்ணினார்கள்?

ஊக்கமருந்துக் கேள்வியையும் ஒதுக்கிவிடக் கூடாது. 2013இல் ஜமைக்க ஓட்டக்காரர்கள் அசாஃபா பவல், ஷெரோன் சிம்சன் ஆகியோர் பிடிபட்டார்கள். லண்டன் ஒலிம்பிக்குக்கு முந்தைய மாதங்களில் போட்டிக்கு வெளியேயான பரிசோதனை ஜமைக்காவில் அநேகமாக நடக்கவேயில்லை என்று, பரிசோதனை அமைப்பின் முன்னாள் செயல் இயக்குநரே அதே ஆண்டு அம்பலப்படுத்தினார். சகவீரர் ஒருவரின் மாதிரியை மறுபரிசோதனை செய்ததில் போல்ட்டே 2008 தொடரோட்டத் தங்கத்தை இழந்தார். பல்வலிக்கு எடுத்த மருந்தால் ஃப்ரேசரும் 2010இல் ஆறு மாதத் தடையை அனுபவித்தார். இவை அந்த நாட்டு நிர்வாகத்தின் மீதான கறை. ஆனால் தடைக்குப் பின்பும் அவர் ஓடிய ஓட்டத்தைக் கறை என்று தள்ள முடியாது: 2012இல் மறுபடியும் ஒலிம்பிக் தங்கம், 2017இல் மகனைப் பெற்று, 2019இல் தோஹாவில் மீண்டும் உலக சாம்பியன், 2022இல் 35 வயதில் ஐந்தாவது 100 மீட்டர் உலகப் பட்டம். பதினாறு வயதில் எல்லாவற்றையும் வென்றே தீர வேண்டும் என்று விரட்டப்பட்ட உடல் முப்பத்தைந்து வரை வராது. சாம்ப்ஸ் மேடையில் ஏறும் பிள்ளைகளிடம் இன்று அந்த விரட்டல் கூடிக்கொண்டிருப்பது கவலை தருகிறது. புகழ் வளர வளர, அடுத்த போல்ட்டைப் பத்தாம் வகுப்பிலேயே பார்த்துவிடத் துடிக்கிறது ஊர். கிங்ஸ்டன் புல்தரையில் விடியற்காலையில் ஓடப் பழகும் பெண்களில் எத்தனை பேர் பள்ளியில் நான்காவதாக வந்தவர்கள் என்று அந்த ஊர் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.