முன்பள்ளி வருடம்: கொப்பியைப் பார்க்கிறோமா, பிள்ளையைப் பார்க்கிறோமா?

வருகிற ஜனவரியில் தரம் ஒன்றுக்குப் போகவிருக்கும் பிள்ளைகள் இன்று எமது தோட்டங்களின் முன்பள்ளிகளில் இருக்கிறார்கள். இன்னும் சிலர் எந்த முன்பள்ளிக்கும் போகாமல் லயத்து வாசலில் இருக்கிறார்கள். இந்த ஒரு வருடத்தில் பிள்ளைக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதைப் பற்றி நாம் கூடிப் பேசுவது குறைவு. சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம். கொழுந்து நிறுவையைப் பற்றிப் பேசுகிறோம். காணியையும் வீட்டையும் பற்றிப் பேசுகிறோம். அவற்றைப் பேசத்தான் வேண்டும். ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் ஒரு வருடமும் தொழிற்சங்கம் பேச வேண்டிய விடயமே என்பது எமது உறுதியான கருத்து.

"சங்கத்துக்கு இதெல்லாம் என்ன வேலை? முதலில் சம்பளத்தை வாங்கித் தாருங்கள்" என்று சிலர் கேட்கக்கூடும். பிள்ளையை நம்பி விட ஓர் இடமில்லாத தாய்க்கு மலைக்குப் போக முடியாது, பேர் விழாது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் அந்த வீட்டுக்கு அது வந்து சேராது. அதுமட்டுமல்ல. பேசத் தெரியாமல், கேட்கத் தயங்கி, பசியோடு தரம் ஒன்றில் போய் உட்காரும் பிள்ளைதான் நாளைக்கு இடைவிலகி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறது. எனவே இது சம்பளப் பிரச்சினையிலிருந்து விலகிய விடயம் அல்ல.

மடுவம் யாருக்காகக் கட்டப்பட்டது?

பிள்ளை மடுவம் எமக்குப் புதிதல்ல. காலையில் பிரட்டுக்குப் போகும் முன் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும், இடையில் பால் கொடுக்க ஓடி வருவதும், அந்தி நிறுவை முடிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புவதும் தலைமுறை தலைமுறையாக நடப்பவை. அந்த மடுவம் யாருக்காகக் கட்டப்பட்டது? தாயின் இரண்டு கைகளும் கொழுந்துக்கு வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது. பிள்ளை விழாமல், அழாமல், தூங்கி எழுந்தால் போதும் என்பதே அன்றைய கணக்கு. பிள்ளையின் அறிவு அந்தக் கணக்கில் வரவில்லை.

1992 ஆம் ஆண்டு தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. அதே ஆண்டில் அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்த டிரஸ்ட் நிறுவனம் உருவானது. அதன் பிறகு மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்ற பெயரைப் பெற்றன. சில டிவிசன்களில் நல்ல கட்டடங்கள் எழும்பின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் வந்தார்கள். இதை நாம் மறுக்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் பலகையில் பெயர் மாறியதும் உள்ளே நடக்கும் வேலை தானாக மாறிவிடாது. தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தையையும் தரம் ஒன்றுக்குத் தயாராகும் பிள்ளையையும் ஒரே அறையில், ஒரே ஆளின் பொறுப்பில் விட்டால், அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அழுகிற குழந்தையைத்தான் தூக்குவார். பெரிய பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கொப்பி நிறைந்தால் போதாது

இனி, முன்பள்ளி வருடத்தில் நாம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதற்கு வருவோம். "எங்கள் பிள்ளை அ, ஆ எழுதுகிறதா? ஏ, பி, சி, டி முழுக்கச் சொல்கிறதா? ஐம்பது வரை எழுதுகிறதா?" என்பவையே பெற்றோர் அதிகமாகக் கேட்கும் கேள்விகள். கொப்பி நிறைந்திருந்தால் டீச்சர் நல்லவர். விளையாட விட்டால் "சும்மா வைத்திருக்கிறார்" என்ற பெயர். நாம் படிக்க முடியாமல் போனதைப் பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசைதான் இதற்குக் காரணம். ஆசை சரியானது, அளவுகோல் சரியல்ல.

கன்றுத் தேயிலையை நட்டவுடன் யாரும் கூடை கொண்டுபோய்க் கொழுந்து கேட்பதில்லை. செடி வேர் பிடித்து, கிளை பரந்து, மட்டத்துக்கு வரும்வரை காத்திருக்கிறோம். அவசரப்பட்டுக் கிள்ளினால் மரம் வீணாகிவிடும் என்பது மலையில் நிற்கும் எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு வயதுக் கையும் அப்படித்தான். பென்சிலை இறுக்கிப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுத அந்த விரல்கள் இன்னும் பலப்படவில்லை. களிமண் பிசைவதும், மணி கோர்ப்பதும், கடதாசி கிழித்து ஒட்டுவதும், நிலத்தில் கோடு கீறுவதும் அந்த விரல்களைப் பலப்படுத்துகின்றன. எழுத்து அதற்குப் பிறகு வரும். எழுதவும் வாசிக்கவும் முறையாகச் சொல்லிக்கொடுப்பது தரம் ஒன்றிலிருந்து பாடசாலையின் பொறுப்பு.

அப்படியானால் வருட முடிவில் பிள்ளை என்ன செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்? தன் பெயரையும், அம்மா அப்பாவின் பெயரையும், தோட்டத்தினதும் டிவிசனினதும் பெயரையும் தயங்காமல் சொல்ல வேண்டும். தனக்கு வேண்டியதை முழு வசனமாகக் கேட்க வேண்டும். "தண்ணி வேணும் டீச்சர்", "வயிறு வலிக்குது" என்று சொல்லத் தெரியாத பிள்ளை நாற்பது பேர் வகுப்பில் என்ன செய்யும்? மலசலகூடத்துக்குத் தனியாகப் போய், கை கழுவி வர வேண்டும். தன் கையால் சாப்பிட வேண்டும். ஒரு கதையைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்க வேண்டும். தன் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பத்துக் கொட்டைகளை எண்ணி எடுக்கவும், பெரியது சிறியது, கூட குறைய என்று பிரிக்கவும், நிறங்களைச் சொல்லவும் வேண்டும். எழுதிவைத்த தன் பெயரைக் கண்டால் "இது என் பெயர்" என்று அடையாளம் காண வேண்டும். இவ்வளவும் வந்துவிட்டால் எழுத்து தானாக ஏறும்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் இதற்கு வரமாட்டார்கள். பக்கத்துக் காம்பராப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டுவதால் எதுவும் நடக்காது. ஆனால் நாலு வயது தாண்டியும் பேச்சு தெளிவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, பொருளைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்க்கிறது என்றால் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று விட்டுவிட வேண்டாம். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். காதையும் கண்ணையும் இந்த வயதில் பார்த்தால் பலன் அதிகம்.

முதல் வாரங்களில் பிள்ளை அழும். அது இயல்பு. பிள்ளைக்குத் தெரியாமல் நழுவி ஓடாதீர்கள். "நிறுவை முடிந்ததும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். "டீச்சரிடம் சொல்லி அடிக்க வைக்கிறேன்" என்று வீட்டில் மிரட்ட வேண்டாம். பிறகு பிள்ளை எப்படி அந்த வாசலை விரும்பி மிதிக்கும்?

டவுன் நர்சரியும் வேன் காசும்

இப்போது பல குடும்பங்கள் பிள்ளையை வேன் பிடித்து டவுன் நர்சரிக்கு அனுப்புகின்றன. மாதக் கட்டணம், வேன் காசு, சீருடை, கலைவிழா உடுப்பு என்று எத்தனை பேர்க் காசு அதில் போகிறது என்பதைக் கணக்குப் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தப் பெற்றோரை நாம் குறை சொல்லவில்லை. தோட்டத்து நிலையத்தில் நம்பிக்கை இல்லாததால்தான் கடன்பட்டாவது அனுப்புகிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பாட்டைப் பொருள் தெரியாமல் ஒப்புவிப்பது ஆங்கிலம் படித்ததாகாது. வீட்டில் பேசும் தமிழில் நன்றாகப் பேசவும், கேட்கவும், கதை சொல்லவும் பழகிய பிள்ளைக்கே சிங்களமும் ஆங்கிலமும் பின்னர் இலகுவாக வரும். லயத்துப் பேச்சு என்று எமது பேச்சை எவரேனும் இளக்காரம் செய்தால், அதைப் பிள்ளையின் முன்னால் நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது காசு கேட்காத வேலை. மாலையில் போனை வைத்துவிட்டு அரை மணித்தியாலம் பிள்ளையோடு பேசுங்கள். அப்பாயி சொல்லும் பழைய கதை போதும். கீரை ஆயும்போது பிள்ளையையும் உட்கார வைத்து எண்ணச் சொல்லுங்கள். இது தாயின் வேலை மட்டுமல்ல. நாள் முழுவதும் மலையில் நின்று வந்து அடுப்படியிலும் நிற்கும் தாயிடமே இதையும் ஒப்படைப்பது நியாயமில்லை. தகப்பன்மார் இதில் பங்கெடுக்க வேண்டும்.

பசித்த பிள்ளை எதையும் கேட்காது

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம். தோட்டத் துறையில் மட்டும் அது 31.7 சதவீதம். அதாவது எமது பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இது பரம்பரைக் குட்டை என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் விடயமல்ல. பல வருடங்களாகச் சரியான சாப்பாடு கிடைக்காததன் அடையாளம். உடம்போடு சேர்ந்து மூளையும் வளரும் வயது இது.

விடியற்காலையில் ரொட்டியும் சாயத் தண்ணியும் குடித்துவிட்டு வரும் பிள்ளை பத்து மணிக்குச் சோர்ந்து விழுகிறது. சாப்பாட்டோடு தேநீர் கொடுத்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். நாடே குடிக்கும் தேயிலையை நாம்தான் பறிக்கிறோம், ஆனால் சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம். பயறு, கடலை, கீரை, நெத்தலி, முடிந்த நாளில் ஒரு முட்டை என்று கொடுக்கலாம். வீட்டால் முடியாததை நிலையம் செய்ய வேண்டும். ஒவ்வொரு தோட்ட முன்பள்ளியிலும் வேலை நாள் எல்லாவற்றிலும் காலை உணவு கிடைக்க வேண்டும் என்பது சலுகை கேட்பதல்ல.

பத்திரங்களை இந்த வருடமே பாருங்கள்

தரம் ஒன்றுக்குச் சேர, அந்த வருடம் ஜனவரி 31 ஆம் திகதிக்குள் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் முதல் வருடத்திலேயே கேட்கப்படும். டிசம்பரில் ஓடித் திரிவதில் பயனில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரம் கையில் உள்ளதா, பிள்ளையின் பெயரும் பெற்றோரின் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும், பிறப்பே பதியப்படாமல் இருந்தாலும், தோட்டத் தலைவரிடம் சொல்லி பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். திருத்தத்துக்கும் காலங்கடந்த பதிவுக்கும் மாதக்கணக்கில் ஆகலாம். கிளினிக் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் போட வேண்டிய தடுப்பூசிகள் விடுபட்டிருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் கேட்பது என்ன?

இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்க 1970களின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முப்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகளின் படிப்பு மூன்றாம் நாலாம் வகுப்போடு நின்றது என்பதை எமது வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். இன்று முன்பள்ளி அதே நிலையில் நிற்கிறது. இலவசக் கல்வி தரம் ஒன்றில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வருடங்கள் கம்பனிக்கும், தொண்டு நிறுவனத்துக்கும், மாகாண சபைக்கும், பெற்றோரின் பைக்கும் இடையில் தொங்குகின்றன. இன்னொரு முப்பது வருடம் காத்திருக்க நாம் தயாராக இல்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. கைக்குழந்தைகளுக்கும் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேறு இடமும் வேறு ஆளும் வேண்டும். முன்பள்ளிக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியை நியமிக்கப்பட வேண்டும். அவருக்கு வாழக்கூடிய சம்பளமும், ஊழியர் சேமலாப நிதியும் வேண்டும். பெற்றோரிடம் சில்லறை வசூலித்து ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்கும் நிலை முடிய வேண்டும். அந்த ஆசிரியையும் பெரும்பாலும் எமது லயத்தில் பிறந்து படித்து வந்த பிள்ளைதான். முன்பள்ளி விடும் நேரத்துக்கும் நிறுவை முடியும் நேரத்துக்கும் இடையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும். சுத்தமான தண்ணீரும், சின்னப் பிள்ளைக்கேற்ற மலசலகூடமும் வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்குப் போவதால் ஒருவருக்கும் பேர் வெட்டக் கூடாது.

தோட்டத் தலைவர்களிடமும் மாதர் தலைவிகளிடமும் எமது வேண்டுகோள் இதுதான். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் உங்கள் டிவிசன் நிலையத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆட்கள், காலையில் என்ன சாப்பாடு, தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா, வரவேண்டிய வயதிருந்தும் வராத பிள்ளைகள் எந்த எந்த லயத்தில் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். துரையோடு பேசும்போது நிறுவைக் கணக்கோடு இந்தக் கணக்கும் மேசையில் இருக்கட்டும்.