கருவியை வடிவமைப்பவர் யார்?

பள்ளிகளுக்குக் கணினியும் டேப்லெட்டும் வழங்கிவிட்டால் கல்வி நவீனமாகிவிடும் என்னும் எண்ணம் ஆளும் வட்டாரங்களில் வேரூன்றியிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தொழில்நுட்பத்திற்கென்றே தேசிய அளவில் ஒரு மன்றத்தை முன்மொழிகிறது. எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்ற கணக்கு முழங்கப்படுகிறது. அவற்றின் உள்ளடக்கத்தைத் தீர்மானித்தவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. அவற்றைக் கையாளப்போகும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பெற்றோருக்கும் அந்தத் தீர்மானத்தில் இடம் உண்டா? இது தொழில்நுட்பக் கேள்வி அன்று. அதிகாரம் பற்றிய கேள்வி.

"பங்கேற்பு வடிவமைப்பு" என்ற சொற்றொடர் இன்று கார்ப்பரேட் விளம்பரங்களிலும் அடிபடுகிறது. ஆனால், அது தொழிற்சங்கத்தில் பிறந்த கருத்து. 1970களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம், சிமுலா என்னும் கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவரான கிறிஸ்டன் நைகார்டுடன் இணைந்து, ஆலைகளில் புகுத்தப்படும் கணினிகளைத் தொழிலாளரே ஆராயும் பணியைத் தொடங்கியது. 1981இல் தொடங்கிய "உட்டோப்பியா" திட்டத்தில் நார்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர்கள், செய்தித்தாள் பக்க அமைப்புக்கான கருவிகளை ஆய்வாளர்களுடன் சேர்ந்து வடிவமைத்தனர். அட்டையிலும் ஒட்டுப்பலகையிலும் மாதிரிகள் செய்து, தங்கள் கைத்திறனுக்கு எது பொருந்தும் என்று சோதித்தனர். உழைப்பவரின் அறிவைப் பறிக்கும் எந்திரமா, அதை வளர்க்கும் எந்திரமா என்பதே அங்கு விவாதப்பொருள்.

அதே விவாதம் கேரளத்தின் பள்ளிகளிலும் நடந்தது. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது பாடத்திட்டம் தனியுரிமை மென்பொருளையே சார்ந்திருந்தது. ஆசிரியர் இயக்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் அதை எதிர்த்து வாதாடினர். 2006இல் அமைந்த இடது ஜனநாயக முன்னணி அரசின் காலத்தில் பள்ளிகளில் லினக்ஸ் நிலைபெற்றது. பயிற்சியளித்தவர்கள் வெளி நிறுவனத்தின் முகவர்கள் அல்லர். பள்ளிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்கள். வகுப்பறைத் தேவைக்கேற்ப மென்பொருள் திருத்தப்பட்டது. 2017இல் இத்திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018இல் உருவான "லிட்டில் கைட்ஸ்" மன்றங்களில் மாணவர்களே கருவிகளைப் பராமரிக்கவும் நிரல் எழுதவும் பயில்கின்றனர். உரிமக் கட்டணச் சேமிப்பைவிட இதுவே பெரிய ஆதாயம்: கருவியைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு தலைமுறை கற்றுக்கொள்கிறது.

எதிர்த்திசையில் ஆந்திரம் சென்றது. 2022இல் அம்மாநில அரசு பைஜூஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, அதன் பாடங்கள் ஏற்றப்பட்ட டேப்லெட்டுகளை 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கியது. 2024 ஜூலையில் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அந்நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கைக்கு அனுமதியளித்தது. அரசுப் பள்ளியின் பாடத்தை ஒரு தனியார் நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கோடு பிணைப்பதில் உள்ள ஆபத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கேரளத்திலும் எல்லாம் நிறைவாக இருந்தன என்று கூற இயலாது. 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சியில் "ஃபர்ஸ்ட் பெல்" வகுப்புகள் தொடங்கியபோது, சுமார் 2.6 லட்சம் மாணவர்களுக்குத் தொலைக்காட்சியோ இணையமோ இல்லை. அவர்களில் ஆதிவாசி, தலித், கடலோரக் குழந்தைகள் பலர். நூலகங்களையும் வாசகசாலைகளையும் பொதுக் கற்றல் மையங்களாக்கி, மக்கள் அமைப்புகள் அந்த இடைவெளியைக் குறைக்க முயன்றன. ஆதிவாசிக் குடியிருப்பின் மொழியும் அன்றாட வாழ்வும் திட்டமிடும் மேசைக்கு முதலிலேயே வரவேண்டும் என்பதே அந்நாட்களின் பாடம். வயநாட்டின் "கோத்ரபந்து" திட்டத்தில் ஆதிவாசிச் சமூகத்தினரே தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். கருவிகளை வடிவமைக்கும் இடத்திலும் அவர்கள் அமரவேண்டும்.

இதற்குச் சட்ட அடித்தளம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் அக்குழுவின் கடமை. ஆனால், கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள மென்பொருள் ஒப்பந்தங்கள் தலைநகரங்களில் முடிவான பிறகே அக்குழுக்களுக்குச் செய்தி வருகிறது. முடிவெடுத்த பின் கருத்துப் படிவத்தை நீட்டுவது பங்கேற்பு ஆகாது.

ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன் பொதுவெளியில் வைக்கப்படவேண்டும். ஆசிரியர் சங்கங்களுக்கும் மேலாண்மைக் குழுக்களுக்கும் அவற்றை மறுக்கும் உரிமை வேண்டும். பொதுப்பணத்தில் உருவாகும் மென்பொருள் கட்டற்றதாக இருக்கவேண்டும். முதல் மாதிரி, வசதி மிக்க நகரப் பள்ளியில் அல்ல, கடைக்கோடிப் பள்ளியில் சோதிக்கப்படவேண்டும். இவற்றை அரசுகள் தாமாக வழங்கா. நார்வேயின் உலோகத் தொழிலாளர்களும் கேரளத்தின் ஆசிரியர்களும் இவ்வுரிமையை அமைப்பாகத் திரண்டே பெற்றனர். கல்வி இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியலில், வகுப்பறை எண்ணிக்கைக்கும் ஆசிரியர் நியமனத்திற்கும் அடுத்ததாக இக்கோரிக்கையும் இடம்பெறவேண்டிய காலம் இது.