குடிகாரருக்கும் நிதானஸ்தருக்கும் ஒரே பிரீமியமா?

காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரத்தில் பாலாற்றங்கரையில் இருக்கிறது ஓரிக்கை. நாடு கடத்தப்பட்ட சீடன் கணிகண்ணனோடு திருமழிசை ஆழ்வாரும் புறப்பட்டுவிட, பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்து ஓர் இரவு தங்கிய இடம் இது என்பது ஐதீகம். ஓர் இரவு இருக்கை என்பதே ஓரிக்கை ஆயிற்றாம். அன்று பெருமாள் நடந்தே வந்தார். இன்று உத்திரமேரூர் சாலையில் கார்களும் லாரிகளும் பறக்கிற பறப்பைப் பார்த்தால், நடந்து வர அவரும் சற்று யோசிப்பார்.

கார்களுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. பட்டு நெய்கிற இதே மாவட்டத்தில்தான் இருங்காட்டுக்கோட்டை மோட்டார் தொழிற்சாலையும் இருக்கிறது. கல்யாணப் புடவை எடுக்க வருகிற கார்கள் வேறு. அத்தனை கார்களுக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம். அதற்கான கட்டணத்தை எதை வைத்து நிர்ணயிக்கிறார்கள்?

எஞ்சினை வைத்து! 2022-ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் அமலான விகிதப்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். ஓட்டுகிறவர் யார், எப்படி ஓட்டுகிறார் என்ற கேள்வியே இந்தக் கணக்கில் இல்லை. முப்பது வருஷம் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காதவரும், வாரம் ஒரு முறை குடித்துவிட்டுச் சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவரும், ஒரே அளவு எஞ்சின் உள்ள கார் வைத்திருந்தால் ஒரே தொகைதான் கட்டுவார்கள். இது நியாயமா?

பதில் சொல்லுமுன், இந்த இன்ஷூரன்ஸ் யாருக்காக ஏற்பட்டது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927-இலும், பிரிட்டன் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் இதைக் கட்டாயமாக்கின. நம் நாட்டில் 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. கட்டாய இன்ஷூரன்ஸ் பகுதி 1946 ஜூலை 1-இல்தான் அமலுக்கு வந்தது. கார்க்காரரின் காரைக் காப்பது இதன் நோக்கம் அல்ல. காரில் அடிபடுகிற மனிதனையும் அவன் குடும்பத்தையும் காப்பதே நோக்கம்.

ஓர் உதாரணம். வயது 38, தறியில் உட்கார்ந்து மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிற நெசவாளி. மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார். பாவு நூல் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பும்போது ஒரு கார் மோதி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுப்ரீம் கோர்ட்டு 2009-இலும் 2017-இலும் வகுத்த முறைப்படி கணக்கு இது: ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்கு நூற்றுக்கு 40 சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,89,000. அந்த வயதுக்கு உரிய பெருக்கு எண் 15. ஆக 28,35,000 ரூபாய். இதர இனங்கள் தனி.

தறிக்காரருக்குச் சம்பளச் சீட்டு ஏது? கூலிப் புத்தகத்தை வைத்துத்தான் அவர் மனைவி வருமானத்தை நிரூபிக்க வேண்டும். அது வேறு கதை. ஆனால் தீர்ப்பான தொகையைக் கொடுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று இருக்கிறதே, அதுதான் அந்தக் குடும்பத்துக்கு உயிர். டிரைவர் குடித்திருந்தாலும், லைசென்ஸ் இல்லாதிருந்தாலும்கூட, முதலில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கார் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று கம்பெனிகளுக்குக் கோர்ட்டுகள் பல வழக்குகளில் உத்தரவிட்டிருக்கின்றன.

இப்போது கேள்விக்கு வருவோம். முரட்டு டிரைவர்களிடம் கூடுதல் பிரீமியம் வாங்கும் யோசனை நம் நாட்டில் எழாமல் இல்லை. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு ஒன்று 2021-இல் இதைச் சிபாரிசு செய்தது. போக்குவரத்துக் குற்றம் ஒவ்வொன்றுக்கும் புள்ளி. குடித்துவிட்டு ஓட்டினால் 100, தவறான இடத்தில் நிறுத்தினால் 10. புள்ளி ஏற ஏறப் பிரீமியம் ஏறும். முதலில் டில்லியில் பரீட்சை செய்யலாம் என்றார்கள். திட்டம் நாடு முழுவதும் வந்தபாடில்லை. நல்ல டிரைவருக்குச் சலுகை மட்டும் உண்டு: ஐந்து ஆண்டு நஷ்டஈடு கேட்காதிருந்தால் நூற்றுக்கு 50 வரை தள்ளுபடி. அதுவும் சொந்தக் கார் சேதத்துக்கான பிரீமியத்தில்தான். மூன்றாம் நபர் பிரீமியத்தில் காலணாக்கூடக் குறையாது.

முரட்டு டிரைவரிடம் கூடுதலாக வாங்குவதே நியாயம். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அவருக்குப் பிரீமியத்தை மும்மடங்காக்கினால் என்ன செய்வார்? திருந்துவாரா, கட்டாமல் ஓட்டுவாரா? இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். மிகச் சிறிய காரின் பிரீமியத்தைவிட அபராதம் குறைவு! ஆபத்தான டிரைவர் இன்ஷூரன்ஸை விட்டுவிட்டால், அவர் இடிக்கிற நெசவாளியின் குடும்பத்துக்கு அந்த 28 லட்சம் வெறும் காகிதத் தீர்ப்பு.

இது வீண் பயம் அல்ல. நாட்டில் 18 கோடி வாகனங்களில் 6 கோடிக்கே மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருந்ததாக 2018-இல் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவிக்கப்பட்டது. கோயமுத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கு அது. புதிய காருக்கு மூன்று ஆண்டு, புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு இன்ஷூரன்ஸை முன்னதாகவே வாங்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டு, அது அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் அபராதம் பிரீமியத்தைப்போல் சில மடங்காக வேண்டும். அதற்குப் பிறகுதான் புள்ளிக் கணக்கு. புள்ளி மிஞ்சியவரிடம் பணம் வாங்கிக்கொண்டு சாலையில் விட்டுவிடுவதும் சரியல்ல. லைசென்ஸைப் பிடுங்க வேண்டும்.

இதில் சர்க்காரும் தப்ப முடியாது. ஓரிக்கையிலேயே அரசு போக்குவரத்துக் கழகப் பணிமனை இருக்கிறது. தனி நிதி வைத்திருந்தால் அரசு பஸ்களுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் நஷ்டஈடு உரிய காலத்தில் வராமல், கோர்ட்டு அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தி தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதல்ல. அன்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்படுகிற பிரயாணிகளுக்கு, ஓட்டியவர் எத்தனை புள்ளி வாங்கியவர் என்பது தெரியப்போவதில்லை.